அரிவாள் ஓங்கிக் காட்டிய பாடம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய கல்லூரி எங்களுடையது. தமிழ்த்துறையில் புறப்பாடல்கள் நடத்தும் மாதம் வந்தால் ஆசிரியர்களுக்குள் ஒரு பந்தயம் நடக்கும். யார் வகுப்பில் கடைசி பெஞ்சு சிரிக்கிறதோ அவருக்கு மற்றவர்கள் டீயும் சமோசாவும் வாங்கித் தர வேண்டும். சேர அரசன் ரவுடிப் பட வில்லன் தோரணையில் வருவான். மாடு கவரப் போகிறவர்கள் டாட்டா சுமோவில் தொங்கிக்கொண்டு போவார்கள். தலை உருளும் இடத்துக்கு வாயாலேயே பின்னணி இசை போடுவோம். நான் நன்றாகவே போடுவேன். முனைவர் பட்டம் வாங்கியவர்களின் லட்சணம் இது.

எங்களில் இளையவர் இதில் படு கெட்டிக்காரர். அன்று இரண்டாம் ஆண்டு வகுப்பில் போர்க்களத்தை நடித்துக் காட்டினார். டஸ்டரை அரிவாளாகப் பிடித்து, முன் பெஞ்சிலிருந்த பெண்ணின் கழுத்தருகே ஓங்கி, 'சதக்' என்றார். வகுப்பே கைதட்டியது. அந்தப் பெண் எழுந்தாள். எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலால் அவர் வாயிலேயே அடித்தாள். விழுந்தவரை விடாமல் அடித்தாள். சத்தம் கேட்டு நான் பக்கத்து வகுப்பிலிருந்து ஓடியபோது அவர் சட்டையெல்லாம் ரத்தம், உடைந்த பல் தரையில் கிடந்தது. இரண்டு பேர் இழுத்துப் பிடித்தும் அவள் கை ஓயவில்லை.

மறுநாள் விசாரணை. டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவதாக முதல்வர் முடிவு செய்திருந்தார், கையெழுத்துதான் பாக்கி. அவளுடைய அம்மா கம்பெனி கேன்டீன் வேலையைப் பாதியில் விட்டு, யூனிஃபார்மோடு வந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அவ அடிச்சது தப்புதான் சார். ஸ்கிராப் இரும்பு எடுக்கற தகராறுல அவங்கப்பன கம்பெனி கேட்டாண்டயே வெட்டிட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கினே நின்னோம். படிப்ப மட்டும் நிறுத்திடாதீங்க."

"அதுக்கு வாத்தியாரை அடிப்பாளா? அவர் பாடம்தானே நடத்தினார்?" என்றார் முதல்வர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எப்படி நடத்தினார்னு இங்கே செஞ்சு காட்டச் சொல்லுங்க சார்," என்றேன்.

இளையவர் என்னை முறைத்தார். "நாம எல்லாரும் செய்யறதுதானே மேடம்," என்று தையல் போட்ட உதட்டால் முனகினார். "இவ்வளவுதான் சார்," என்று மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்து ஓங்கினார்.

அந்த அம்மா நாற்காலியிலிருந்து சரிந்து, தலையை மேசைக்கடியில் நுழைத்துக்கொண்டார். இரண்டு கைகளாலும் பிடரியைப் பொத்திக்கொண்டார். யூனிஃபார்ம் புடவைக்குக் கீழே தரை நனைந்தது.

இளையவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். தன் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக முதல்வரிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். முதல்வர் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினார். அந்தப் பெண் டி.சி. பக்கமே திரும்பாமல், ஈரத் தரையில் உட்கார்ந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"போய்ட்டாங்களாம்மா?" என்று அந்த அம்மா மகளிடம் கேட்டார்.

"போய்ட்டாங்க. வெளிய வாம்மா."

அவர் பிடரியிலிருந்து கையை எடுக்கவில்லை.