பேசக்கூடாத நாற்பது நிமிடம்

2025 பிப்ரவரி 6, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு என் கதையை வகுப்பில் எடுத்துக்கொண்டார்கள். முதுகலையில் படைப்பெழுத்து படித்த எங்களுக்கு ஒரு விதி இருந்தது. யாருடைய கதை பேசப்படுகிறதோ அவர் நாற்பது நிமிடம் வாய் திறக்கக்கூடாது; விளக்கம் தரக்கூடாது, தலையைக்கூட ஆட்டக்கூடாது. முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். மற்றவர்கள் இந்த விதியை வெறுத்தார்கள். எனக்கு அது வசதியாக இருந்தது. பேசாமலிருப்பதற்கு முதல்முறையாக ஒரு நியாயம் கிடைத்திருந்தது.

கதையில் பெயர்களை மட்டுமே மாற்றியிருந்தேன். சிங்கப்பூரில் எங்கள் செம்பவாங் வீட்டில் என்னோடு ஒரே அறையில் இருபது ஆண்டுகள் உறங்கிய அக்கா, மருத்துவமனையில் தாதி வேலை கிடைத்து ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போன கதை அது. அங்கும் இங்கும் கடிகாரம் ஒன்றுதான்; நேர வித்தியாசத்தின்மேல் பழிபோட வழியில்லை. இருந்தும் மூன்று ஆண்டுகளில் எங்கள் பேச்சு தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் என்று சுருங்கிவிட்டது. அவளுடைய கட்டிலில் இப்போது என் புத்தகங்களை அடுக்கியிருக்கிறேன். தலைமாட்டை மட்டும் ஏனோ காலியாக விட்டிருக்கிறேன்.

அவள் புறப்படுவதற்கு முந்தைய மாலையைப் பதினொரு பக்கம் எழுதியிருந்தேன். பெட்டிக்குள் எது முதலில் போனது, குளிராடையை எப்படிச் சுருட்டினாள், ஊறுகாய்ப் போத்தலுக்கு எத்தனை பைகள் சுற்றினாள், எல்லாம் இருந்தன. துல்லியம் என் பலம் என்று நம்பியிருந்தேன்.

வகுப்பும் அதைத்தான் முதலில் பாராட்டியது. பிறகு எதிரே அமர்ந்திருந்த தோழி என் பக்கங்களைப் புரட்டினாள். அவளும் நானும்தான் அந்த வகுப்பின் தமிழ்ப் பெண்கள். அவள் வீட்டார் ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள்: இந்த அக்கா தங்கையிடம் மூன்று கேள்விகள் கேட்கிறாள். இந்தச் சட்டை உனக்கு வேண்டுமா, அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொள்வாயா, நான் போகட்டுமா. ஒன்றுக்கும் தங்கை பதில் சொல்லவில்லை. மூன்று இடத்திலும் கதை பெட்டியை வருணிக்கப் போய்விடுகிறது.

கடைசிக் கேள்வி எனக்கு நினைவிருந்தது. அதற்கு "உன் இஷ்டம்" என்றாவது சொன்னதாக எண்ணியிருந்தேன். தாளில் அதுவும் இல்லை.

நாற்பது நிமிடம் முடிந்ததும் ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். கதையின் முடிவைப் பற்றி ஒரு கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைக் கேட்கவில்லை. தங்கை "போகாதே" என்று சொல்வாள் என அக்கா எதிர்பார்த்தாளா என்று கேட்டேன். நேரம் முடிந்திருந்தது. அடுத்தவருடைய கதைக்குப் போனார்கள்.

பிறகு நானும் தோழியும் ரயிலில் லிட்டில் இந்தியா வந்து ஒரு கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் குடித்தோம். நான் எழுதிய பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டே தன்னால் கட்ட முடியும் என்று கேலி செய்தாள். நான் சிரிக்காததைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"அது உங்க அக்காதானே?"

தலையசைத்தேன்.

"அப்ப எங்ககிட்ட ஏன் கேக்குற? அவங்ககிட்ட பேசு லா."

இத்தனை நாள் கழித்து என்ன பேசுவது என்றேன்.

"கிளாஸ்லதான் ரூல். ஃபோன்ல உன்னை யாரு பேசக்கூடாதுன்னு சொன்னா?"

சொல்லாமல் விடுவதை எழுத்தில் எப்படிச் செய்வது என்று அந்த ஓராண்டில் சிரத்தையாகக் கற்றிருந்தேன். அதில் எனக்குப் பயிற்சியே தேவைப்பட்டிருக்கவில்லை.

அன்று அழைக்கவில்லை. மறுநாள் காலை ஆறரை மணிக்கு, அக்கா வேலைக்குக் கிளம்பும் முன், அழைத்தேன். எடுத்ததும் அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்டாள். அம்மா நன்றாக இருக்கிறாள் என்றேன். பிறகு சொன்னேன்:

"அன்னைக்கு நீ போகக்கூடாதுன்னுதான் இருந்துச்சுக்கா. சொல்லல."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"இதச் சொல்ல மூணு வருஷமாடி?" என்றாள். கோபமாகத்தான் கேட்டாள். பிறகு, இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.