மகன் கழற்றிய கழுத்துப் பட்டை

மீஞ்சூரில் ரயிலேறி கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஒருவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். தன் கம்பெனி அடையாள அட்டையை ஒரு பிரபலமான கல்லூரியின் பெயர் போட்ட கழுத்துப் பட்டையில் மாட்டியிருந்தார். நரைத்த மீசை, கிரீஸ் படிந்த நகங்கள். பட்டை புரளும்போதெல்லாம் கல்லூரிப் பெயர் வெளியே தெரியும்படி திருப்பிவிட்டுக்கொண்டே இருந்தார்.

“பையன் அங்கயா படிக்கிறாரு?” என்று கேட்டேன்.

“படிச்சான் சார். பக்கத்துல கீற காலேஜ்லயே ஹிஸ்டரி படிக்கிறேன்னு அழுதான். நாந்தான் பேருக்கோசரம் அங்க இன்ஜினியரிங் சேத்தேன். பாதியில வந்துட்டான். இப்ப ஊட்லதான் கீறான். என்னாண்ட பேசறதில்ல.”

“அப்புறம் இதை ஏன் போட்டிருக்கீங்க?”

“குப்பையில போட்டுட்டான் சார். எனக்கு மனசு கேக்கல.”

கும்மிடிப்பூண்டியில் இறங்கும் நெரிசலில் பட்டை மறுபடியும் புரண்டது. பிளாட்பாரத்தில் நின்று, பெயரை வெளியே திருப்பிக்கொண்டார். ஷிப்டுக்கு ஓடும் அந்தக் கூட்டத்தில் அதை யாருக்குக் காட்டினார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.