உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர்

எனக்கு நிலம் கிடையாது. கண்ணமங்கலத்தில் ரோட்டோரமாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், அதுவும் வாடகைக் கடை. அப்பேர்ப்பட்ட என்னைப் பார்த்து, "என் நெலத்த இன்னாத்துக்கும்மா உன் பேர்ல எழுதிக்கின?" என்று ஒருத்தி வந்து கேட்டாள். கடையில் நாலு பேர் நின்றார்கள். ஆதார் நகல் எடுக்க வந்த பெரியவர் வந்த வேலையை மறந்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவளை எனக்குத் தெரியும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைத் தாண்டி இன்னும் உள்ளே போக வேண்டிய ஒரு சிற்றூர்க்காரி, என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அவள் குடும்பம் ஒரு சரிவு நிலத்தில் சாமையும் கேழ்வரகும் போடுகிறது. நிலத்தின் ஓரத்தில் மூன்று புளியமரங்கள். மாமனார் காலத்திலிருந்து உழுதாலும் அதற்குப் பட்டா இல்லை, அரசாங்கக் கணக்கில் அது காடு. காட்டு நிலத்தை வெகுகாலமாக உழுது வருகிறவர்களுக்கு அவர்கள் பெயரிலேயே உரிமை கொடுக்கச் சட்டம் இருக்கிறது. வெகுகாலமாக உழுகிறோம் என்பதற்கு ஒரு காகிதம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அவளிடம் காகிதம் இருந்தது. காட்டில் ஏர் பூட்டிய குற்றத்துக்காக அவள் மாமனாருக்கு என்றைக்கோ போட்ட அபராதச் சீட்டு. குற்றவாளி என்று எழுதிக் கொடுத்த அந்தச் சீட்டுதான் அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே அத்தாட்சி.

அந்தச் சீட்டை ஸ்கேன் எடுத்தவள் நான். கடை வைப்பதற்கு முன்னால் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். மலை ஊர்களில் முகாம் போட்டு, சனங்கள் கொண்டுவரும் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து ஏற்றுகிற வேலை. அவள் அதைக் கேழ்வரகுக் குதிருக்குள் பாலித்தீன் கவரில் வைத்திருந்தாள் போல. கண்ணாடிமேல் வைத்ததும் மாவுத் தூசி உதிர்ந்தது. துடைத்துவிட்டு எடுத்தேன்.

"பத்ரமா இருக்கும்ங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா எங்கயும் போவாதுக்கா" என்றேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

மூலக் காகிதங்களைத் திருப்பிக் கொடுப்பார்கள் என்றுதான் எங்களுக்கும் சொல்லியிருந்தார்கள். கொடுக்கவில்லை. மூட்டை மூட்டையாகக் கட்டிக் கீழே எங்கோ ஒரு கிடங்குக்கு லாரியில் அனுப்பினார்கள். எந்த மூட்டையில் எவருடைய காகிதம் என்று கேட்டால் இன்றுவரை பதில் இல்லை.

இதில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று. ஒரு கோப்பைக் கம்ப்யூட்டர் சேமிப்பில் ஏற்றும்போது அந்த இயந்திரம் தானாகவே சில விவரங்களை அதன்மேல் எழுதிக்கொள்ளும். கோப்பின் பெயர், அளவு, வகை, உருவாக்கிய தேதி, உரிமையாளர். தேடினால் வரிசையாக வந்து நிற்பவை இந்த விவரங்கள்தான். உள்ளே இருக்கும் காகிதம் அல்ல. தேதி என்றால் நான் ஏற்றிய தேதி. உரிமையாளர் என்றால் யாருடைய கணக்கிலிருந்து அந்தக் கோப்பு ஏறியதோ அந்த ஆள். இந்த மென்பொருளை எழுதியவர்கள் இங்கிலீஷில் ஏதோ ஒரு சொல்லைப் போட்டிருப்பார்கள். அதைத் தமிழாக்கிய புண்ணியவான் 'ஏற்றியவர்' என்று போட்டிருக்கலாம். 'உரிமையாளர்' என்று போட்டார். பட்டாவுக்காகச் சனங்கள் கால் தேய நடக்கிற ஒரு மலையில், நிலக் காகிதங்கள் இருக்கிற ஒரு இடத்தில், அந்தச் சொல்லைப் போட்டார்.

'குறிப்பு' என்று இன்னொரு கட்டமும் உண்டு. அதை மட்டும் மனிதர்தான் நிரப்ப வேண்டும். யாருடைய சீட்டு, எந்த ஊர், எந்த வருஷத்தது என்று அங்கே எழுதலாம். "அத்த வுடும்மா, வேகமா போ" என்றார் மேற்பார்வையாளர். விட்டுவிட்டேன். கோப்பின் பெயரில் அவள் பெயரையும் ஊரையும் மட்டும் அடித்தேன். ஊர் உலகத்தின்மேல் எல்லாம் கோபப்படுகிற நான் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி அதிகாரி. மலைமேல் ஓர் அலுவலகத்தில் அவளுடைய மனு அவர் மேஜைக்கு வந்தது. அவள் பெயரைத் தட்டித் தேடினார். ஒரு வரி வந்தது. அந்த வரியை அப்படியே அச்செடுத்து மனுவோடு சேர்த்துக் குத்திவிட்டார். உருவாக்கிய தேதி போன வருஷம், ஆகவே காகிதம் பழையது அல்ல. உரிமையாளர் பெயர் வேறு, ஆகவே நிலம் அவளுடையது அல்ல. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று சும்மாவா சொன்னார்கள். அடுத்த வாரம் விசாரணை, அதற்குள் உரிமையாளரிடம் சம்மதம் வாங்கி வராவிட்டால் மனு தள்ளுபடி என்று அவளிடம் சொல்லி அனுப்பிவிட்டார். அவள் என் பெயரை விசாரித்துக்கொண்டு கடைக்கு வந்து நின்றது அதற்குத்தான்.

இவ்வளவையும் அவள் சொன்ன அரைகுறைப் பேச்சிலிருந்து நான் புரிந்துகொள்வதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் கடையைச் சாத்திவிட்டு மலைக்குப் பஸ் ஏறினேன். அவள் அலுவலக வாசலிலேயே நின்றிருந்தாள்.

அதிகாரி அந்த அச்செடுத்த தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "இது உங்க பேர்தானேம்மா?"

"ஆமா சார். ஆனா அது ஸ்கேன் போட்டவங்க பேரு. நான் அங்க வேல பாத்தேன். வேலைய வுட்டதும் என் கணக்க மூடிட்டாங்க."

"உரிமையாளர்னு போட்டுக்கிதே."

"சார், சாமை மூட்டைய பஸ் மேல ஏத்துன ஆளு பேர மூட்டைல எழுதிட்டா, சாமை அவனுதாய்டுமா?"

"பஸ்ஸு வேற, ஆபீஸ் வேற."

"அந்த ஃபைலத் தொறந்து பாருங்க சார். உள்ள சீட்டு கீது. அதுல தேதி, முத்திரை, அவங்க மாமனார் பேர் எல்லாம் கீது."

அப்போதுதான் அவர் சொன்னார், அவருக்குத் திறக்க அனுமதி கிடையாதாம். தேடலாம், பட்டியலைப் பார்க்கலாம், உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. அதற்கு மேலிடத்துக்கு எழுத வேண்டும், பதில் வர நாளாகும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிக்குக் கோயில் சாவியே இல்லை, ஆனால் வாசலில் நின்று சாமி உள்ளே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு ஒரே வழிதாங்க" என்றார். "நிலத்துல எனக்கு இருக்கற உரிமைய விட்டுக் கொடுக்குறேன்னு நீங்க ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துடுங்க. நான் பாஸ் பண்ணி வுட்டுட்றேன்."

இல்லாத ஒன்றை நான் எப்படி விட்டுக் கொடுப்பது? நான் முடியாது என்று சொன்னேன். கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். அப்போது அவள் என் முழங்கையைப் பிடித்தாள். முந்தின நாள் கடையில் வந்து கேட்டபோது இருந்த குரல் இல்லை.

"எழுதிக் குடுத்துடும்மா. மனு தள்ளிப் போச்சின்னா நாளைக்கு பாரஸ்ட்காரங்க வேலி போட வந்துடுவாங்க. சாமை கதிரு வுட்டு நிக்குது."

எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் போட்ட கையெழுத்துகளில் அதைப் போல அவமானமான கையெழுத்து வேறு இல்லை. அவர் அதை வாங்கி ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துவிட்டு, எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தச் சொன்னார். திருத்தினேன்.

அறுவடை முடிந்த பிறகு ஒருநாள் அவள் போன் செய்தாள். காகிதம் வந்துவிட்டது, நீயும் வா என்றாள். வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். ஆனால் பஸ் மலை ஏறும்போது கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. எப்படியோ, நிலம் அவள் பெயருக்கு வந்துவிட்டதே என்று நினைத்தேன். ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் அவளுக்காக ஒரு கிலோ ஜிலேபி வாங்கினேன்.

அதிகாரி அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லிக் காகிதத்தை நீட்டினார். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். "பாத்துட்டுப் போடும்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்று அவரும் சிரித்தார். ஊர் பெயர் சரி, அளவு சரி, நாலு பக்க எல்லையும் சரி. அதற்குக் கீழே இருந்த வரியில் அவள் விரல் நின்றது. நானும் குனிந்து பார்த்தேன். நிலத்தின் உரிமையாளர் என்று என் பெயரைப் போட்டு, அவர் தமது உரிமையை விட்டுக் கொடுத்ததன்பேரில் இந்த நிலம் மனுதாரருக்கு வழங்கப்படுகிறது என்று எழுதியிருந்தது.

அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு தாளின் அடிவரைக்கும் போய்ப் பார்த்தாள். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க மாமனாரு அபராதம் கட்னாரே சார், அது எங்க எழுதிக்கிது?"

"அதெல்லாம் இதுல வராதும்மா. நிலம் உன் பேருக்கு வந்துடிச்சில்ல, அதப் பாரு."

"இவங்க குடுத்து நான் வாங்குன மாதிரி கீதே."

"காகிதத்துல அப்டிதான் இருக்கும். இன்னா இப்ப?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அந்தக் காகிதத்தை அவர் பக்கமாக மேஜைமேல் திருப்பி வைத்தாள். பேனாவையும் அதன்மேல் வைத்தாள்.

"இத மாத்திக் குடுங்க சார்."

"வாங்காமப் போனா நிலமே போய்டும்மா, தெரிஞ்சிக்கோ."

"நெலம் எங்க சார் போவும்? அது அங்கியேதான் கீது. காகிதந்தான் தப்பா கீது."

சொல்லிவிட்டுச் சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவர் என்னைப் பார்த்தார், நீயாவது எடுத்துச் சொல் என்பது போல. நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.