பிளேட்டுக்கு அடியில் இருந்த நம்பர்

1. பென்சில் ஓடாத இடம்

பழைய ஜீப்புக்கு, ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. எடுக்க வேண்டுமென்றால் முதலில் அடிச்சட்டத்தில் இருக்கிற சேசிஸ் நம்பரைக் காட்ட வேண்டும். டிரைவர் பக்கம் முன் சக்கரத்துக்கு உள்ளே, ஸ்டியரிங் பாக்ஸுக்குப் பக்கத்தில், இரும்பிலேயே அந்த நம்பர் குத்தியிருக்கும். எமரி தாள் போட்டுத் துடைத்து, மேலே மெல்லிய தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் எழுத்தெல்லாம் தாளில் எழும்பி வரும். பிரிண்ட் எடுப்பது என்று இதைத்தான் சொல்வோம். அந்தத் தாளும் ஆர்.சி. புத்தகமும் ஒத்துப்போனால்தான் பிரேக் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடுவார்.

கயல், அன்பு, பிள்ளைகளே, திண்டிவனத்தில் நம் ஷெட்டைத் திறந்த நாளிலிருந்து இந்த வேலையை எத்தனையோ வண்டிக்குச் செய்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் ஜெனிபர் என்ற பெண் கொண்டுவந்த ஜீப்புக்கு அடியில் படுத்தபோது மட்டும் பென்சில் ஓட இடமே இல்லை. நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு இரும்புப் பிளேட் வைத்து வெல்டிங் அடித்திருந்தது. அதன் மேல் தார் பூசியது போல் கறுப்புப் பெயின்ட்.

திருட்டு வண்டி என்றால் நம்பரைத்தான் முதலில் மறைப்பார்கள். என் தொழிலில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

"இன்னாண்ணா, பேச்சையே காணோம்? படுத்துத் தூங்கிட்டீங்களா?" என்று ஜெனிபர் மேலேயிருந்து கேட்டாள்.

எட்டிப் பார்த்தேன். செல்போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா படம் புடிக்கற?"

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. மெக்கானிக்குங்க நல்ல பார்ட்டைக் கழட்டிக்கினு ஓட்டைப் பார்ட்டை மாட்டிடுவாங்கன்னு குரூப்ல சொல்றாங்க."

"எந்தக் குரூப்பு?"

"ஜீப் குரூப்பு. முந்நூறு பேரு இருக்கோம்."

"முந்நூறு பேருகிட்டயும் ஜீப் இருக்குதா?"

"பாதிப் பேருகிட்ட போட்டோ இருக்குது," என்றாள்.

நானும் அவளைச் சந்தேகப்பட்டுத்தான் இருந்தேன். இருபத்து நாலு வயது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலை. வீட்டில் எல்லோரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். ஆளைப் பார்த்தால் ஸ்கூட்டி வாங்குகிற பெண் மாதிரிதான் இருந்தாள். ஃபோர் வீல் டிரைவ் ஜீப் இவளுக்கு எதற்கு, வேறு யாராவது இவள் பேரில் வாங்குகிறார்களா என்று யோசித்தேன். ஆனால் முன் சக்கரத்து ஹப் லாக்கை எப்படித் திருப்புவது, லோ கியரை எப்போது போடுவது என்றெல்லாம் அவளே எனக்குச் சொன்னாள். வண்டி வாங்குவதற்கு முன்பே வண்டியைப் படித்து வைத்திருந்தாள். மழைக்காலத்தில் ஏரிக்கரைச் சேற்றில் இறக்கி ஏற்ற வேண்டும், செஞ்சி மலை அடிவாரமெல்லாம் சுற்ற வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. பின்னால் இருந்து யாரும் வாங்கவில்லை.

பிளேட்டைக் காட்டினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"நம்பர் இல்லன்னா?"

"எஃப்.சி. ஆவாது. உம் பேருக்கும் மாறாது. கோழிக்கூண்டு மாதிரி நிறுத்தி வச்சிக்க வேண்டியதுதான்."

"ஊர்ல ஏற்கெனவே இவளுக்கு எதுக்கு ஜீப்புன்னு கேட்டுக்கினு இருக்கானுங்க. எங்கம்மா வேற எல்லார் கிட்டயும் சொல்லிட்டாங்க," என்று சொல்லிவிட்டு போனை இறக்கினாள்.

2. கண்டமங்கலம் டீக்கடை

ஜீப்பை அவளுக்கு விற்றவர் ராஜமாணிக்கம். கண்டமங்கலத்தில் நிலம் வைத்து மல்லாட்டைப் பயிர் போடுகிறவர். முட்டி வலியால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை என்று அவசரமாக விற்றதாக ஜெனிபர் சொன்னாள். எனக்கு அதிலும் சந்தேகம். முட்டி வலிக்கிறவன் அவ்வளவு அவசரமாகவா விற்பான்?

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அவர் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். நான் நின்ற இடத்திலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"நம்பரை மூடி பிளேட் அடிச்சி வச்சிருக்கியே, எங்கேர்ந்துய்யா தூக்கிக்கினு வந்த வண்டி?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "யாரைப் பாத்து இன்னா கேக்கற?"

"உன்னைப் பாத்துத்தான். படிச்ச பொண்ணு, விவரம் தெரியாதுன்னு திருட்டு வண்டியைத் தலையில கட்டிட்ட."

"அண்ணா, மெதுவா," என்று ஜெனிபர் என் சட்டையைப் பிடித்தாள்.

"நான் வாங்கும்போதே அந்த பிளேட்டு இருந்துச்சி," என்றார் அவர். "ஒவ்வொரு வாட்டியும் எஃப்.சி. ஆயிக்கினுதான் இருந்துச்சி."

இது எப்படி நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பானெட்டைத் தூக்கினால் எதிரே ஒரு தகடு இருக்கும். அதிலும் அதே நம்பர் இருக்கும். முன்பெல்லாம் புரோக்கர்கள் அந்தத் தகட்டிலேயே பிரிண்ட் எடுத்துக் கொடுத்து ஒப்பேற்றிவிடுவார்கள். தகடு என்ன, இரண்டு ஸ்க்ரூ கழற்றினால் எந்த வண்டிக்கும் மாட்டலாம். அதையும் சத்தமாகச் சொன்னேன். அந்தப் பேச்சில் பக்கத்து பெஞ்சுக்காரர் ஒருவர் எழுந்து ராஜமாணிக்கத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். ராஜமாணிக்கம் அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. திருடன்தான் முகம் பார்க்க மாட்டான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஜெனிபர்தான் பொறுமையாகக் கேட்டாள். "ஐயா, அந்த பிளேட்டு எதுக்கு அடிச்சாங்கன்னு தெரியுங்களா?"

"எனக்கு வித்த காண்ட்ராக்டரு சொன்னாரும்மா. ஸ்டேரிங் பாக்ஸாண்ட சேசிஸ் விரிசல் உட்டுச்சாம். விழுப்புரத்துல ரயில்வே கேட்டாண்ட ஒரு ஷெட்டுல குடுத்து அடிச்சாராம். அவரும் இப்ப உயிரோட இல்ல. ஜல்தியா கெளம்புங்க, எனக்குக் கொல்லையில வேலை கெடக்குது."

விழுப்புரம் ரயில்வே கேட் என்றதும் உள்ளே எனக்கு ஒரு நெருடல். கல்யாணத்துக்கு முன் நான் வேலை செய்தது அங்கேதான். ஆனால் அந்த வரிசையில் மூன்று வெல்டிங் ஷெட் இருந்தன. மூன்றில் எதுவாகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜெனிபரிடம் அதைச் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது, "செத்துப்போன ஆளு மேல பழியப் போடறான் பாரு. நீ போலீஸ்ல எழுதிக் குடுத்துடும்மா," என்றேன்.

"நாளைக்கு டூட்டி முடிச்சிக்கினு போறேண்ணா," என்றாள்.

3. இடது கை

மறுநாள் காலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஷெட்டைத் திறந்து, கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டி, பிளேட்டின் மேல் இருந்த கறுப்புப் பெயின்ட்டை உரித்தேன்.

நான் இடது கைக்காரன் என்று உங்களுக்குத் தெரியும். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வெல்டிங் ராடை இடது கையில் பிடித்து இழுத்தால், பிறை பிறையாக விழுகிற வெல்டிங் எல்லாம் மற்றவர்கள் வேலைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். அந்தப் பிளேட்டிலும் சாய்ந்திருந்தது. பிளேட்டின் இரண்டு முனையையும் நேராக வெட்டாமல் மீன் வால் மாதிரி வெட்டியிருந்தது. நேராக வெட்டினால் திரும்ப அங்கேயே விரிசல் விடும் என்று நான் பிடிவாதமாகச் செய்கிற வேலை அது. நடுவில் மூன்று துளை போட்டு வெல்டிங்கால் நிரப்பியிருந்தது. மூன்றாவது துளை மட்டும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. என் கைக்கு அது எப்போதும் இறங்கும்.

அவரவர் கையெழுத்து அவரவருக்குத் தெரியாதா?

அந்த ஜீப்பைச் செய்த நாள் எனக்கு இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. அது போல் எவ்வளவோ வண்டி. ஆனால் எப்படி நடந்திருக்கும் என்று மட்டும் தெரியும். நம்பர் மேல் பிளேட் போடும்போது, நம்பர் தெரிகிற மாதிரி பிளேட்டில் ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும். அதற்கு அரை மணி நேரம் கூடுதலாகும். வண்டிக்காரன் அவசரப்படுத்தியிருப்பான். தகட்டில்தான் நம்பர் இருக்கிறதே என்று நானும் மூடிவிட்டிருப்பேன்.

பெயின்ட் டப்பா பக்கத்திலேயே இருந்தது. இரண்டு கோட்டு அடித்தால் பழையபடி ஆகிவிடும். அவள் எழுதிக்கொடுத்துவிடுவாள். ராஜமாணிக்கத்தைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். நம் ஷெட்டின் பேர் எங்கேயும் வராது. பொய் சொல்ல மாட்டேன் பிள்ளைகளே, பிரஷை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

டூட்டி முடித்து ஜெனிபர் வந்தாள். கையில் புகார்த் தாள். "படிச்சிப் பாருங்கண்ணா, சரியா எழுதியிருக்கனான்னு," என்று நீட்டினாள். முதல் வரியிலேயே ராஜமாணிக்கத்தின் பேரும் அவர் அப்பா பேரும் இருந்தன. என் கை வேலைக்கு அவர் அப்பா பேரும் சேர்ந்து போலீசுக்குப் போவதைப் பார்த்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இதைக் குடுக்காதம்மா. அந்த பிளேட்டு நான் அடிச்சது."

அவள் என்னையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு செல்போனை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்கண்ணா."

சொன்னேன்.

"நேத்து அவ்ளோ பேரு முன்னாடி அவரை அந்தப் பேச்சு பேசுனீங்களே?"

"ஆமாம்மா."

"ரயில்வே கேட்டுன்னு அவரு சொல்லும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

"சந்தேகம் வந்துச்சி."

"உங்க மேல மட்டும் வந்த சந்தேகத்த முழுங்கிட்டீங்க," என்றாள்.

4. நான் எப்படிய்யா நம்பறது

மறுநாள் காலையில் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெல்டிங்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தேன். கிரைண்டர் ஒரு நூல் உள்ளே போனாலும் அடியில் இருக்கிற நம்பர் போய்விடும். மதியம் வரை ஆயிற்று. போனைக் கீழே வைக்காமல் அவள் முழுவதையும் படம் பிடித்தாள். உளி வைத்துத் தட்டியதும் பிளேட் விழுந்தது. துரு பிடித்த இரும்பில் நம்பர் இருந்தது. ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தோம். எல்லாம் சரி. கடைசி இரண்டு எண் மட்டும் தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்றிருந்தது. பிளேட் வைப்பதற்கு முன் கிரைண்டர் போட்ட என் கைதான் அதையும் தேய்த்திருந்தது.

ஆர்.டி.ஓ. ஆபீசில் பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பிளேட்டும் நீ அடிச்சேங்கற, கழட்டுனதும் நீங்கற, நம்பரையும் நீயே காட்டற. நான் எப்படிய்யா உன்னை நம்பறது?"

டீக்கடையில் ராஜமாணிக்கம் எப்படி உட்கார்ந்திருந்திருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நானும் அந்த இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்க்கவில்லை. என்னால் பார்க்க முடியவில்லை.

ஜெனிபர் வீடியோவைக் காட்டினாள். ஓரிடத்திலும் அறுபடாமல் இருந்தது. அவர் நின்றபடியே பார்த்தார். "எழுதிக் குடு" என்றார். என்ன வேலை, எங்கே செய்தேன், நம்பரை ஏன் மறைத்தேன் என்று என் கையாலேயே எழுதி, ஷெட் முத்திரை குத்திக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பல வாரம் இழுத்தது. அழைத்தபோதெல்லாம் கடையை மூடிவிட்டுப் போனேன். கடைசியில் தேய்ந்த இரண்டு எண்ணைத் திரும்பக் குத்திக்கொள்ள உத்தரவு வந்தது. எஃப்.சி. ஆனது. ஆர்.சி.யில் ஜெனிபர் பேர் ஏறியது.

5. கேக்கல

ராஜமாணிக்கத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"போன்ல எதுக்கு?" என்றார். "அன்னிக்கி போன்லயா திட்டுன?"

ஜெனிபர் ஜீப்பை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்டமங்கலம் போனேன். அதே டீக்கடை. அன்றைக்குத் தள்ளி உட்கார்ந்த ஆளும் இருந்தார். ராஜமாணிக்கம் தனியாக ஒரு பெஞ்சில் இருந்தார்.

"அந்த பிளேட்டு அடிச்சது நான்தான். அவரு மேல தப்பு இல்ல," என்றேன்.

ராஜமாணிக்கம் டீயை ஊதிக்கொண்டே, "கேக்கல," என்றார்.

"தப்பு என்னுது. அவரு வண்டி நல்ல வண்டி."

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல. அன்னிக்கி ரோடு வரைக்கும் கேட்டுச்சி உன் சத்தம்."

மூன்றாவது முறை ரோடு வரைக்கும் கேட்கும்படி சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர், "ஒக்காரு" என்றார். தள்ளி உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து வந்து அவர் பெஞ்சில் இடம் கேட்டு உட்கார்ந்தார்.

நீங்களும் வேலைக்குப் போகப் போகிறீர்கள். சந்தேகப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். சந்தேகம் இல்லாதவன் நட்டை முறுக்கினோமா என்று இரண்டாம் முறை பார்க்க மாட்டான். ஆனால் சந்தேகம் வந்தால் முதலில் பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள். உங்கள் கை வேலையாக இருக்குமா என்று பாருங்கள். வாயைத் திறப்பதெல்லாம் அதற்குப் பிறகு.