மிக்ஸியோடு கார் பார்க்கப் போன அத்தான்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் கையில் என்ன கொண்டு போவார்கள்? என் அத்தான் அற்புதமணி மிக்ஸி கொண்டு போனார். சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்துத் தொலைத்தேன்.

அத்தானுக்குச் சொந்த ஊர் நாசரேத். தூத்துக்குடி துறைமுகம் போகிற ரோட்டில் ஒரு எடைமேடையில் ஆயுசைக் கழித்தவர். உப்பு லாரி ஏறும், எடை பார்ப்பார், சீட்டைக் கிழித்துக் கொடுப்பார், லாரி இறங்கும். அவர் வாயிலிருந்து ஒரு பேச்சு வாங்குவதற்குள் நமக்குப் போதும் போதும் என்றாகிவிடும். "ஏளா கிரேசி, இவுக வார்த்தையையும் எடை போட்டுத்தான் வெளிய விடுதாவ" என்று என் அக்காள் ஜெயஷீலா கேலி பண்ணுவாள். அவள் கேலி பண்ணினால் மட்டும் அந்த மனுஷன் சிரிப்பார்.

இப்போது அக்காளுக்குக் கேலி பண்ணவும் மூச்சு பத்தவில்லை. நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிற நோய். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ராத்திரி பகலாக ஓட வேண்டும். கரண்ட் போனால் மெஷின் நிற்கும். 2023 டிசம்பரில் தூத்துக்குடியே வெள்ளத்தில் முங்கியபோது அப்படித்தான் நின்றது. தெரு முழுக்கத் தண்ணீர், இன்வெர்ட்டரும் முங்கிவிட்டது. கையில் இருந்த ஒரே சிலிண்டரின் முள் இறங்க இறங்க, அத்தான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் மீன்பிடிப் படகில் ஏற்றித்தான் அவளை வெளியே கொண்டு வந்தோம். அவள் உதடு நீலமாகக் கிடந்தது.

அதற்குப் பிறகு வானம் கறுத்தாலே அத்தானுக்குச் சோறு இறங்காது. இந்த வருஷம் மழைக்கு முன்னால் அவர் தேட ஆரம்பித்ததுதான் அந்தக் கார். வீட்டில் செருகி சார்ஜ் ஏற்றலாம், சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோலில் ஓடும் ஹைப்ரிட் வண்டி. யாரோ வெளிநாட்டிலிருந்து இறக்கியது. டிக்கிக்குள் நம் வீட்டுச் சுவரில் இருப்பது போலவே ஒரு பிளக் பாயிண்ட். அதில் அக்காளின் மெஷினைச் செருகி, தண்ணீர் ஏறுவதற்குள் அவளைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்விடலாம். இதற்காக நாசரேத்தில் இருந்த மனையையும் விற்றுவிட்டார்.

பைபாஸ் ரோட்டில் பழைய கார் விற்கும் காசிலிங்கம் அண்ணாச்சியிடம் அந்த வண்டி நின்றது. அத்தான் கதவைக்கூடத் திறக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் படுத்து அடிப்பாகத்தைப் பார்த்தார். எழுந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"ஏளா, அடியில கருப்பு ஆயில் அடிச்சிருக்கான்ளா!"

எங்கள் ஊர் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். அதனால் பொறுப்பான லாரிக்காரன் மழைக்கு முன்னால் பழைய இன்ஜின் ஆயிலை அடிப்பாகம் முழுக்கப் பீய்ச்சி அடிப்பான். எடைமேடையில் நின்று லாரிகளைப் பார்த்தே வயசானவருக்கு, ஆயில் அடித்த வண்டி என்றால் அருமையாக வைத்திருந்த வண்டி. பிறகு மிக்ஸியை எடுத்து டிக்கியில் செருகி, ஒரு பிடி பொட்டுக்கடலையைப் போட்டுச் சுற்றினார். கரகரவென்று ஓடியது. இது ஓடினால் அந்த மெஷினும் ஓடும் என்பது அவர் கணக்கு.

"ஓடுதுளா" என்றார். கண் கலங்கிவிட்டது. அப்புறம் எனக்கு எங்கே சிரிப்பு வரும்?

அப்போதே பேசி முடிக்கிறேன் என்று நின்றவரை நான்தான் பிடித்து இழுத்தேன். "தெரிஞ்சவுக ஒருத்தர் பாக்காம ஒரு பைசா குடுக்கக் கூடாது அத்தான்." அவர் என்னை எதிரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

நான் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்த ஐஸ்வர்யா, இப்போது இந்த மாதிரி வண்டிகளைப் பார்க்கிற இன்ஜினியர். மறுநாள் அவளை அழைத்துப் போனேன். கையோடு கொண்டுவந்த கருவியை வண்டியில் மாட்டிப் பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"பழைய கோளாறுப் பதிவு எல்லாத்தையும் அழிச்சிருக்காங்க மேடம். பேட்டரியில சார்ஜும் ஏற மாட்டேங்குது. நேத்து மிக்ஸி ஓடும்போது இன்ஜின் ஓடிக்கிட்டு இருந்துச்சா?"

"ஆமா, ஏசி போட்டுக் காட்டுனாவ" என்றார் அத்தான், குரல் இறங்கி.

"அப்போ மிக்ஸிய ஓட்டுனது இன்ஜின்தான் சார், பேட்டரி இல்ல."

அண்ணாச்சியின் ஆட்கள் வண்டியை லிஃப்டில் தூக்கினார்கள். பேட்டரிப் பெட்டியின் ஓரத்தில் அந்தக் கருப்பு ஆயிலை ஐஸ்வர்யா சுரண்டினாள். உள்ளே சாம்பல் நிறத்தில் காய்ந்த சேறு. போல்ட்டெல்லாம் துருவேறிப் பொருபொருத்துக் கிடந்தது.

"வெள்ளத்துல முங்குன வண்டி சார் இது. அதை மறைக்கத்தான் ஆயில் அடிச்சிருக்காங்க."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "மனுசந்தானா நீரு? மூச்சுக்குத் தவிக்கிறவளுக்கு இதையா தலையில கட்டப் பாத்தீரு?" என்று காசிலிங்கத்தைப் பிடித்துக்கொண்டேன். "சத்தியமா எனக்குத் தெரியாது தாயி, ஆயிலப் பாத்துத்தான் நானும் ஏமாந்தேன்" என்று அவர் தலையில் கை வைத்தார்.

அத்தான் எங்கள் சண்டையைக் கவனிக்கவே இல்லை. சுரண்டிய இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓடுமா?"

"சார்?"

"கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓடுனா போதும்மா. அதுக்குப் பெறவு வேண்டாம்."

"ஒங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று நான் கத்தினேன். "மனைய வித்துப்போட்டு, கிறிஸ்துமஸ் வரைக்கும் ஓடுத காரா வாங்குவீய?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வாரம் டாக்டர் அவரை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்த அத்தான், "மாத்திரைய மாத்தியிருக்காவ" என்று மட்டும் சொன்னார். நானும் நம்பிவிட்டேன். என் அக்காளுக்குக் கிறிஸ்துமஸ்தான் கெடு என்பதை இந்த மனுஷன் ஒரு வாரமாகத் தனியாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்.

ஐஸ்வர்யா கையைத் துடைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "இன்னைக்கே நின்னு போகலாம் சார். தீப்பிடிச்சாலும் பிடிக்கும். ஆக்சிஜன் மெஷின் வைக்கிற வண்டி. வேண்டவே வேண்டாம்."

வெளியே தூறல் போட ஆரம்பித்தது. அத்தான் மிக்ஸி வயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தார். அவருடைய போன் அடித்தது. அக்காள்தான். எடுக்கத் தைரியம் இல்லாமல் என்னிடம் நீட்டிவிட்டு, தூறலில் இறங்கிப் போய் நின்றார்.

"ஏளா, வண்டி எப்படி?" பின்னால் அவள் மெஷின் ஓடுகிற சத்தம்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. கலருதான் அத்தானுக்குப் புடிக்கல. வேற பாப்போம்."

"கலரு கெடக்கட்டும். சீக்கிரமா பாருங்க." நிறுத்தி, மூச்சு வாங்கினாள். "கிரேசி... டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும்ளா. எனக்குத் தெரியும்ங்கிறது அவுகளுக்குத் தெரியாண்டாம். தாங்கமாட்டாவ."

போனை வைத்தேன். அத்தான் நனைந்துகொண்டே திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொல்லுதா?"

"மிக்ஸிய நனையாம கொண்டாரச் சொன்னா" என்றேன்.