சடையப்பன் ஜீப்புக்கு வைத்த இருபத்தேழு பொட்டு

உத்திரமேரூர் சடையப்பனுக்கு நிலம் மூன்று ஏக்கர், ஜீப் ஒன்று, மனைவி ஒருத்தி. மூன்றில் எது அதிகம் வேலை வாங்குகிறது என்று கேட்டால் யோசிக்காமல் ஜீப் என்பார். ஆதிலட்சுமி பக்கத்தில் நின்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு ஜீப் என்பார்.

அது பட்டாளத்தில் ஓடி ஓய்ந்து ஏலத்துக்கு வந்த ஜீப். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால், அந்தப் பக்கத்து நாலு ஊருக்கும் பஸ் நின்றுவிடும். அப்புறம் பிரசவம் பார்க்கும் நர்ஸம்மா, யூரியா மூட்டை, பெண் பார்க்கப் போகிற கும்பல், எல்லாம் சடையப்பன் ஜீப்பில்தான். கலங்கல் சேற்றில் எருமைகூட யோசித்துத்தான் கால் வைக்கும். சடையப்பன் யோசித்ததே இல்லை.

எண்பத்தாறாம் வருஷத்து மழையில் அந்தச் சேற்றின் நட்டநடுவில் ஜீப்பின் சேசிஸ் முறிந்தது. சேசிஸ் என்றால் வண்டிக்கு அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடுகிற இரும்புச் சட்டம். துரு அதை வருஷக்கணக்காக அரித்துத் தின்றிருந்தது. வண்டியில் இருந்த நர்ஸம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தார். வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்தால் மூன்று கெண்டை மீன் இருந்ததாம். அன்றைக்குக் குழம்புக்கு ஆயிற்று என்பது ஊர்ப் பேச்சு.

சட்டத்தை வெல்டு வைத்து ஒட்டினான் சாமுவேல். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஷெட் போட்டு வெல்டிங்கும் பெயிண்டும் பார்ப்பவன்.

ஆதிலட்சுமி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "த பாருய்யா, இன்னொரு தடவ இது ஒடஞ்சிதுன்னா பழைய இரும்புக் கடை சேட்டுக்கு ஆள் அனுப்பிடுவேன்."

அவள் சொல்லிச் செய்யாதது என்று எதுவும் கிடையாது. சேட்டும் அந்த வாரமே வந்து, ஜீப்பைத் தட்டிக் காது வைத்துக் கேட்டுவிட்டு, வைத்தியர் மாதிரி தலையாட்டிவிட்டுப் போனார்.

இனி துரு பிடிக்கவே கூடாது. அதற்கு எதைப் பூசுவது? அங்கேதான் பேஜார் ஆரம்பித்தது.

"ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு, மேல கருப்பு எனாமலு," என்றான் சாமுவேல். "கல்லு பட்டு பேந்துச்சினா வண்டிய இட்டுக்கினு வா. பிரஷ்ஷால தொட்டு வுட்டா வேல முடிஞ்சிச்சி."

ஆதிலட்சுமியின் தம்பி சுகுமாருக்கு அம்பத்தூரில் ஃபேனுக்கும் பீரோவுக்கும் பவுடர் கோட்டிங் போடும் கம்பெனியில் வேலை. "மாமா, பெயிண்டெல்லாம் அந்தக் காலம். இது மாவாட்டம் கீது. கரெண்டு வெச்சி இரும்புமேல ஒட்ட வுட்டு, பெரிய அடுப்புல வேக வெச்சி எடுப்போம். சுத்தியால அடிச்சாலும் போவாது."

"போவாதுப்பா," என்றான் சாமுவேல். "போச்சின்னா? அடுப்பத் தூக்கிக்கினு கலங்கலுக்கு வருவியா? ஒரு எடத்துல பேந்து தண்ணி பூந்துச்சினா, மேல பளபளன்னு கண்ணாடியாட்டம் நிக்கும். உள்ள துரு குந்திக்கினு விருந்து சாப்டும்."

இரண்டும் சரியாகவே பட்டது. மூன்று மாதம் சடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை, நாலு தட்டுக்கு மேல். இந்த ஊரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்தவர்கள். அவரும் ஒரு சொம்பில் சீட்டுப் போட்டு எடுத்தார். பெயிண்ட் வந்தது. மறுபடி எடுத்தார். பெயிண்ட். ஆதிலட்சுமி வந்து பக்கத்தில் நின்றாள். மூன்றாவது சீட்டைப் பார்த்துத்தான் எடுத்தார். பவுடர்.

சேசிஸைக் கழற்றி, பழைய பெயிண்டைச் சுரண்டி, வெள்ளி மாதிரி தேய்த்துக் கொடுத்தான் சாமுவேல். தன்னை வேண்டாம் என்றவர்களுக்கு மனிதன் செய்கிற வேலையா அது! முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். சுகுமார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்: "எண்ண ஒரு சொட்டு படக் கூடாது மாமா, பவுடரு ஒட்டாது. கை ரேககூட ஆவாது."

லாரியில் ஏற்றியது ஆடி வெள்ளிக்கிழமை. ஆதிலட்சுமி தலைக்குக் குளித்துவிட்டுக் கிண்ணத்தோடு வந்தாள். மஞ்சளும் குங்குமமும், காற்றில் உதிராமல் இருக்க நல்லெண்ணெயில் குழைத்தது. சட்டம் முழுக்க இருபத்தேழு பொட்டு வைத்தாள்.

"எண்ண படக் கூடாதுன்னான் உன் தம்பி," என்றார் சடையப்பன்.

"மூளியா அனுப்பச் சொல்றியா?"

அவர் லாரியில் ஏறி உட்கார்ந்தார்.

அம்பத்தூரில் இறக்கியதும் சுகுமார் தலையில் கை வைத்தான். "தொடச்சி எடுங்க" என்று ஒருவனிடம் சொன்னான். அவன் துணியை அடுத்தவனிடம் கொடுத்தான். துணி கம்பெனி முழுக்கச் சுற்றிவிட்டுச் சுகுமாரிடமே வந்தது. ஆடி வெள்ளியில் அம்மன் பொட்டை யார் அழிப்பது? சூப்பர்வைசர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மாமா, நீயே தொடையேன்" என்றான் சுகுமார். சடையப்பன் துணியைப் பார்த்தார். ஆதிலட்சுமியை நினைத்தார். "மேலயே போட்ருப்பா" என்றார்.

சட்டம் கருகருவென்று வந்தது. அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஜோடி எருமைக்கும் வெட்கம்.

ஐப்பசியில் கலங்கல் வழிந்தது. நாலாவது நடையில் திரும்பும்போது அடியில் பொட்டுப் பொட்டென்று ஏதோ உதிர்ந்தது. ஷெட்டில் சாமுவேல் வண்டிக்குக் கீழே படுத்து எண்ணினான். சரியாக இருபத்தேழு இடத்தில், ரூபாய்க் காசு அளவில், வட்டம் வட்டமாகக் கோட்டிங் பேந்திருந்தது. மற்ற இடத்தில் ஒரு கீறல் இல்லை.

"அண்ணி வெச்ச பொட்டு ஒண்ணுகூட தப்பல," என்றான். பிறகு ஒரு வட்டத்தை விரலால் தடவினான். "அண்ணா, இங்க வாங்க."

பின்பக்க ஸ்பிரிங்குக்கு மேலே, பதினான்காவது வட்டத்துக்குள், தலைமயிர் அளவில் ஒரு விரிசல். பழைய வெல்டுக்குப் பக்கத்திலேயே. கோட்டிங் ஒட்டியிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. இன்னும் பத்து நடை, நர்ஸம்மாவுக்கு மறுபடியும் மீன்.

அதற்குள் ஆதிலட்சுமி வந்துவிட்டாள். அவளுக்குச் சேதி சொல்ல இந்த ஊரில் ஆளா இல்லை?

"ஒடஞ்சிதா?"

"ஒடையல அண்ணி, விரிசலு. வெல்டு வெச்சா நிக்கும்," என்றான் சாமுவேல்.

சடையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சேட்டு வண்டியைத் தட்டும் சத்தம் அவர் காதில் கேட்டது.

"விரிசல் எங்க கீது?"

"பொட்டு பேந்த எடத்துல."

அவள் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "அப்போ அந்த அம்மனே காட்டிக் குடுத்துக்கீறா. வெல்டு வையி. இத்த சேட்டுக்குக் குடுத்தா எனக்குத்தான் பாவம்."

சாமுவேல் வெல்டு வைத்தான். இருபத்தேழு வட்டத்தின் ஓரத்தையும் சுரண்டி, உள்ளே ரெட் ஆக்சைடைத் தொட்டு வைத்தான். மேலே கருப்பு அடிக்க வந்தவனைச் சடையப்பன் தடுத்துவிட்டார். பவுடரா பெயிண்டா என்று கேட்டவர்களையெல்லாம் கீழே குனிந்து பார்க்கச் சொன்னார். கருப்புச் சட்டத்தில் வரிசையாகச் சிவப்புப் பொட்டு.

அந்த மழை முழுக்க ஜீப் ஓடியது.

மறு வருஷம் ஆயுத பூஜையன்று ஆதிலட்சுமி நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். சடையப்பன் கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ரெட் ஆக்சைடு டப்பாவைத் திறந்து நீட்டினார். அவள் விரலைத் தோய்த்து, பழைய பொட்டின்மேலேயே இருபத்தேழும் வைத்தாள்.

அந்த விரல் வெளுக்கத் தீபாவளி ஆயிற்று.