இரண்டு பேருக்கு ஒரு முதுகு

வாசகரே, என் பேச்சுக்கு நீங்களே சாட்சி. ஜப்பான் குண்டுக்குச் சென்னை அஞ்சிய நாட்களில், "தோளில் சுமக்க முடிந்ததை மட்டும் பையில் கட்டி வையுங்கள்" என்று ராயபுரம் மேடையில் முழங்கினேன். கூட்டம் கலைந்ததும், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். காய்த்த கழுத்து, எதிர்ப்பட்ட பொருளையெல்லாம் ஒரு கையால் தூக்கிக் கனம் பார்க்கும் பழக்கம்.

ஓர் ஆளை முதுகில் சுமக்க, கோணிப்பையில் கால் நுழைய இரண்டு துளை வெட்டி, தோளுக்குக் கயிறு தைத்திருந்தார்.

"நடக்க முடியாம ரெண்டு பேரு கீறாங்க, நைனா. என் அப்பன் ஒண்ணு, இவ ஒண்ணு. யாரத் தூக்கறது? நீயே சொல்லு."

பாயில் கிடந்த மனைவி சிரித்தார். "கெயவனத் தூக்கச் சொல்லுப்பா. நான் கனம், பாதி வயில இது என்னக் கீய போட்டுடும்."

மறுநாள் அதே மேடையேறி உரக்கச் சொன்னேன்: "அபாயச் சங்கு ஊதினால் நான் முதலில் அந்த வீட்டுக்கு ஓடுவேன். இருவரில் ஒருவரை என் முதுகில் சுமப்பேன்."